சூசையண்ணை கேட்காத கேள்வி

டென்மார்க்கில் உள்ள எங்கள் மொழிபெயர்ப்பாளர் வட்டம் இந்த வருடம் ஒரு மலர் வெளியிடப்போகிறதாம். அதன் பொறுப்பாளர் ரெலிபோன் எடுத்தார். நல்ல பிள்ளை, வேலையில் கெட்டிக்காரி. ஆனால் ஒன்றைக் கேட்கும்போதே அதற்கு என்ன பதில் வரவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்.

“மாஸ்டர், இவ்வளவு வருசம் இந்த வேலை செய்தனீங்கள். ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோ. புதுசா வாற ஆக்களுக்கு உற்சாகமா இருக்க வேணும். கவலையான விஷயம் வேண்டாம்.”

“அப்ப என்னத்தை எழுதிறது?”

“ஆபிரிக்காவிலை பிரதமரா இருந்த ஒருத்தர் விபோர்க் பக்கம் வந்து பேசினவராம். நீங்கள்தான் மொழிபெயர்த்தனீங்களாம். அதை எழுதுங்கோவன். எங்களுக்குப் பெருமைதானே.”

பெருமையாம்! அந்தக் கூட்டத்தைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் இந்தச் சொல்தான் வருகிறது. மேடையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நடுவில் அந்தப் பெரிய மனிதர், பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய நான். நாற்பது ஐம்பது வயதுக்காரர்கள் எல்லாரும் அந்தப் படத்தை முகநூலில் போட்டுப் போட்டு என்னைக் கொல்கிறார்கள். சரி, கேட்டார்கள், எழுதுகிறேன். மலரில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் விருப்பம்.

நான் பிறப்பால் மொழிபெயர்ப்பாளன் அல்லன். கணித ஆசிரியன். யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்துவிட்டு வேலைக்கு அலைந்த காலத்தில், எங்களைப் போன்றவர்களை ஆபிரிக்க நாடுகள் ஒப்பந்தத்தில் கூப்பிட்டன. அப்படிப் போன பட்டதாரிகளில் நானும் ஒருவன். கிழக்கு ஆபிரிக்காவில் ஒரு நாடு. பெயரைச் சொன்னால் அந்தப் பெரிய மனிதர் யார் என்று தேடத் தொடங்கிவிடுவீர்கள், ஆகவே வேண்டாம். அப்போது அவர் அங்கே கல்வி அமைச்சர். பிற்பாடு பிரதமராகி, ஒரு தேர்தலில் தோற்று, ஒருவரோடும் சண்டை பிடிக்காமல் வீட்டுக்குப் போனவர்.

அமைச்சராக இருந்த நாளில் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஒவ்வொரு பாடசாலையிலும் தோட்டம் இருக்கவேண்டும், மாணவரோடு ஆசிரியரும் மண் கொத்தவேண்டும், அப்பன் செய்யும் வேலையைப் பார்த்துப் பிள்ளை வெட்கப்படச் செய்கிற இடம் பள்ளிக்கூடம் அல்ல என்று. எங்கள் விடுதியில் ஏழு யாழ்ப்பாணத்து மாஸ்டர்மார் இருந்தோம். பட்டம் எடுத்தது மண்வெட்டி பிடிக்கவா என்று எல்லோரும் குதித்தோம். நான்தான் கூடக் குதித்தவன். முதல் கிழமையே இரண்டு கையும் கொப்பளித்துப்போய் வெண்கட்டி பிடிக்க முடியவில்லை. மூன்றாம் தவணையில் சோளம் வந்தது. அதைத் தின்றபோது அந்த ஆள் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. வெளியில் சொல்லவில்லை.

ஒப்பந்தம் முடிந்தபோது ஊர் எரிந்துகொண்டிருந்தது. எப்படியோ டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தேன். ஒன்றரை வருடத்தில் டெனிஷ் கதைத்தேன். மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட எழுதிக்கொடுத்தேன், ஏழு மாதத்தில் வந்து இறங்கினார்கள். இந்த ஏழு மாதத்தை நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு நான் எல்லாவற்றையும் அந்த ஏழு மாதத்தை வைத்துத்தான் அளந்தேன்.

மொழிபெயர்ப்பு வேலைக்குப் பயிற்சி ஆறு வார இறுதிகள். நடத்தியவர் எங்கள் அலுவலகத் தலைவி. கிர்ஸ்டன் என்று வைத்துக்கொள்வோம். டென்மார்க்கின் மேற்குப் பக்கம், யூலண்ட் பெண். ஒரு நாளைக்கு இவ்வளவு சொல்தான் என்று அளந்து வைத்திருப்பவர் போலக் கதைப்பார். வகுப்பில் கம்பளி பின்னுவார். ஊசியைப் பார்க்கவே மாட்டார், எங்கள் வாயைத்தான் பார்ப்பார். அவர் சொன்ன விதி மூன்று: கூட்டாதே, குறைக்காதே, திருத்தாதே. முதல் நாளே டெனிஷில் படுதூஷணமான ஒரு வசனத்தைச் சொல்லி, “தமிழில் சொல்” என்று என்னை எழுப்பினார். வகுப்பில் இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவர் கோபமாக இருக்கிறார்” என்றேன்.

ஊசி நின்றது. “அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. என்ன சொன்னார் என்று கேட்டேன்” என்றார்.

தமிழ் தெரியாத மனுஷிக்கு நான் ஏமாற்றியது எப்படித் தெரிந்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவரிடம் இன்னொரு நடைமுறையும் இருந்தது. ஒவ்வொரு வேலையும் முடிந்தவுடன், காரை எடுப்பதற்கு முன்னர், உள்ளங்கை அளவு தாள் ஒன்றை நிரப்ப வேண்டும். எதைக் கூட்டினாய், எதைக் குறைத்தாய், எதைத் திருத்தினாய். மூன்றே கேள்வி. இந்த நாட்டில் வேறு எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் இல்லாத தொல்லை. நான் மூன்றுக்கும் “இல்லை, இல்லை, இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கிர்ஸ்டன் வாங்கிப் பார்ப்பார். “ஒரு நாள்கூட இல்லையா?” என்பார். “இல்லை” என்பேன். “ம்” என்பார். அந்த “ம்” எனக்குப் பிடிக்காது.

இனிச் சூசையண்ணைக்கு வருகிறேன். மன்னார்க் கத்தோலிக்கர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இக்காஸ்ட் என்ற ஊரில் துணி ஆலை ஒன்றில் சாயப் பிரிவில் வேலை. சில நாட்களில் கை மணிக்கட்டுவரை நீலமாக இருக்கும். மனைவி திரேசம்மாவும் ஒரே மகள் ரெஜினாவும் மன்னாரில். அவர்களைக் கூப்பிட எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கடிதங்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்.

கடிதங்கள் என்று பன்மையில் சொல்கிறேன். உண்மையில் ஒரே கடிதம்தான். திகதி மட்டும் மாறும். “உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.” முதலாம் முறை வாசித்துச் சொன்னேன். இரண்டாம் முறையும் வாசித்துச் சொன்னேன். நாலாம் முறை எனக்கே வாய் கூசியது.

“மாஸ்டர், ஒரு வருசத்துக்கு மேலை என்னத்தைப் பரிசீலிக்கிறாங்கள்? கலியாணப் பதிவு இருக்கு, பிள்ளையின்ரை பிறப்புப் பதிவு இருக்கு, ஞானஸ்நானச் சீட்டும் இருக்கு. பாக்கிறதுக்கு வேறை என்ன கிடக்கு?”

“இது எங்கடை ஊர் அரசாங்கக் கச்சேரி இல்லை அண்ணை. இஞ்சை பைல் ஒண்டு உள்ளுக்குப் போனால் அது பாட்டிலை நடக்கும். எனக்கு ஏழு மாசத்திலை வந்ததெல்லோ.”

“உங்களுக்கு வந்தது. எனக்கு வரேல்லை. மகளுக்கு மாசியிலை பதினெட்டு முடியுது.”

விஷயம் இதுதான். அன்றைய சட்டப்படி பதினெட்டுக்குள் இருந்தால் பிள்ளை, தகப்பனிடம் வரலாம். பதினெட்டு முடிந்தால் வளர்ந்த ஆள், தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மன்னாரில் அந்த வயதுப் பெண்பிள்ளை தனியாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் “பொறுங்கோ அண்ணை” என்றேன். படித்தவன் அல்லவா! கடுதாசியில் எழுதியிருப்பதை நம்பப் பழகியவன்.

கார்த்திகை மாதத்தில், விபோர்க்குக்கு வெளியே உள்ள ஒரு மக்கள் உயர்பள்ளி அந்த ஆபிரிக்க முன்னாள் பிரதமரை உரையாற்ற அழைத்தது. இந்த நாட்டில் அப்படிப் பள்ளிகள் உண்டு. பரீட்சை கிடையாது, வயது வந்தவர்கள் தங்கிப் படிக்கலாம். அவற்றைப் பார்க்கத்தான் அவர் வந்திருந்தார். கல்வி, சனநாயகம், அபிவிருத்தி என்று தலைப்பு. அகதிகளும் கேட்கட்டும் என்று பள்ளி அதிபர் எங்கள் தமிழ்ச் சங்கத்துக்குச் சொல்லி அனுப்பினார். விருந்தாளி ஆங்கிலத்தில் பேசுவார், தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். ஆபிரிக்காவில் படிப்பித்தவன் என்று கிர்ஸ்டன் என்னைப் போட்டார்.

சங்கத்துக்குச் சொல்லி அனுப்பியதோடு நாசம் தொடங்கியது. ஒரு மனிதர் வந்து ஒரு மணித்தியாலம் பேசிவிட்டுப் போகட்டும் என்று எங்கள் ஆட்களால் விட முடியுமா? மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, வாழ்த்துப்பா, சிறுவர் நடனம், நன்றியுரை. குத்துவிளக்கைக் கண்டதும் பள்ளிக் காவலாளி தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்திலேயே நின்றார். கடைசித் திரி எரிந்து முடியும்வரை நகரவில்லை. வாழ்த்துப்பா பதினான்கு செய்யுள். ஆபிரிக்கக் கண்டத்தின் அணையாச் சுடரே, வேங்கையே, வேழமே என்று போனது. அத்தனையையும் நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். வேழத்துக்கு வந்தபோது அந்த மனிதர் என் காதருகில் குனிந்து, “இன்னும் எத்தனை மிருகம் இருக்கிறது?” என்று கேட்டார்.

முன் வரிசையில் நகரபிதா, பள்ளி அதிபர், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர், பத்திரிகைக்காரர் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் கிர்ஸ்டன், மடியில் கம்பளியோடு. அதற்குப் பின்னால் எங்கள் சனம். இக்காஸ்டிலிருந்தும் கிரின்ஸ்டெட்டிலிருந்தும் ஒரு காரில் ஐந்து ஆறு பேராக நெருக்கிக்கொண்டு வந்தவர்கள். பெரும்பாலும் ஆண்கள். மனைவிமார் ஊரில். சூசையண்ணை காலை வேலை முடித்து நேரே வந்திருந்தார். கை நீலம்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னர் சங்கத் தலைவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “மாஸ்டர், கேள்வி நேரத்திலை கவனம். எங்கடை ஆக்கள் ஏதாவது ஏறுக்குமாறாக் கேப்பினம். மேயர் வந்திருக்கிறார். நீங்கள் பாத்து, பதமாச் சொல்லிவிடுங்கோ.”

“அவை சொல்லுறதைத்தான் நான் சொல்லுவன்” என்றேன். வாயால் சொன்னேன்.

கடைசியில் அந்த மனிதர் பேச எழுந்தபோது ஒரு மணி பத்து நிமிடம் போயிருந்தது. குறிப்பு எதுவும் வைத்திருக்கவில்லை. பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டுப் பேசினார். இவ்வளவு வருட வேலையில் நான் மொழிபெயர்த்த பேச்சுகளில் இன்றுவரை மறக்காதது அது ஒன்றுதான்.

கல்வி பற்றிச் சொன்னார். தன் நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் உருப்படியானதா என்று பார்க்கத் தான் பரீட்சைப் பெறுபேற்றைக் கேட்பதில்லை என்றார். அரசாங்கம் அப்பனுக்கு எழுதும் கடிதத்தை அந்தப் பிள்ளையால் வாசித்துச் சொல்ல முடிகிறதா, பதில் எழுத முடிகிறதா என்றுதான் பார்ப்பாராம். சனநாயகத்துக்கு வந்தார். வாக்குப் போடுவது ஒரு நாள் வேலை, மற்ற நாட்களில் சனநாயகம் அலுவலக யன்னலில்தான் இருக்கிறது என்றார். யன்னலுக்கு உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவருக்கு ஓம் என்று சொல்ல வேண்டும், அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும், இரண்டும் முடியாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இருக்க அவருக்கு உரிமை கிடையாது. அபிவிருத்தி என்றால் அணையும் நெடுஞ்சாலையும் என்று தானும் ஒருகாலத்தில் நம்பியதாகச் சொன்னார். பிறகு ஒரு நாள், தன் சொந்த அமைச்சின் வாசலில் ஒரு கிழவி விதவைச் சம்பளத்துக்காக மூன்று நாள் இருந்ததைக் கண்டாராம். அன்றிலிருந்து, ஓர் ஏழை எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன் என்றார்.

நான் ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். மண்டபம் அப்படி அமைதியாக இருந்து நான் கண்டதில்லை. எங்கள் சனம் பேச்சைக் கேட்கிற சனமா? பின்வரிசையில் நின்று கார் விலை கதைக்கிற சனம். அன்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

கேள்விக்குப் பத்து நிமிடம்தான் மிச்சம். காவலாளி மண்டபத்தைப் பூட்டத் திறப்புக் கோர்வையோடு கதவடியில் நின்றார். முதலில் கையைத் தூக்கியவர் சூசையண்ணை. எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு மறக்காது.

“ஐயா, நீங்கள் சொன்னது எனக்கு வடிவா விளங்கினது. யன்னலுக்கு உள்ளுக்கு இருக்கிறவன் ஓம் எண்டோ இல்லை எண்டோ சொல்ல வேணும் எண்டியள். நான் மனிசியையும் மகளையும் கூப்பிட எழுதிக் குடுத்து பதினாறு மாசம். ஓமும் வரேல்லை, இல்லையும் வரேல்லை. ஒரே கடிதத்தை நாலு தரம் அனுப்பியிருக்கிறாங்கள். மகளுக்கு மாசியிலை பதினெட்டு. அதுக்குப் பிறகு அவள் எனக்குப் பிள்ளை இல்லையாம். அந்த நாள் வரட்டும் எண்டு வேணுமெண்டே வைச்சிருக்கிறாங்கள் எண்டு நான் நினைக்கிறன். நான் நினைக்கிறது பிழையெண்டால், இந்தா முன்னுக்கு இருக்கிறவையிட்டை நீங்கள் கேட்டு எனக்குச் சொல்லுங்கோ. நான் கேட்டால் அவைக்குக் கேக்குதில்லை.”

பின்னால் இருந்த அத்தனை ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். முன் வரிசையும் என்னைப் பார்த்தது. நாடாளுமன்ற உறுப்பினர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

நான் பத்து வருடம் வகுப்பில் நின்றவன். ஒரு மாணவன் எழுந்து தாறுமாறாகப் பதில் சொன்னால், “அவர் என்ன சொல்ல வருகிறார் என்றால்” என்று தொடங்கி, ஒழுங்காக்கி, திருப்பிச் சொல்வது எங்கள் ஊர் மாஸ்டர்மாருக்குக் கைவந்த பழக்கம். அதை உதவி என்று நினைப்போம். அந்த நேரம் எனக்கு வெட்கமாகவும் இருந்தது. விருந்தாளியை வைத்துக்கொண்டு, மண்டபம் தந்தவர்களைப் பொய்யர் என்கிறாரே! உலகம் தெரிந்த ஒரு மனிதரிடம் தன் வீட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறாரே! வேணுமென்றே வைத்திருக்கிறார்களாம். எனக்கு ஏழு மாதத்தில் வந்ததே!

ஆங்கிலத்தில் நான் சொன்னது இது: “இந்த அன்பர் தங்கள் உரைக்கு நன்றி கூறுகிறார். நிறுவனங்கள் மெதுவாக நகரும் காலத்தில் மக்களுக்கு எந்தக் குணம் மிக அவசியம் என்று அறிய விரும்புகிறார்.”

அந்த மனிதர் சூசையண்ணையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய முகத்தையும் என் வசனத்தையும் பொருத்திப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. பிறகு பதில் சொன்னார். “பொறுமை. எங்கள் நாட்டில் அவசரப்பட்டவர்கள் தாங்கள் கட்டியதைத் தாங்களே உடைத்தார்கள். அதிகாரிகளும் வேலையைப் பழகிக்கொண்டிருக்கும் மனிதர்கள்தான். அவர்களுக்குக் காலம் கொடுங்கள்.”

இதை மட்டும் நான் எழுத்துப் பிசகாமல் தமிழில் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை, திருத்தவில்லை.

சூசையண்ணை நின்றபடி கேட்டார். தலையை ஆட்டினார். “ஐயா சொன்னால் சரி” என்று சொல்லிவிட்டு இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் பேனாவை மூடினார். நன்றியுரை பதினைந்து நிமிடம் நடந்தது.

வெளியில் மழை. கார் நிறுத்துமிடத்தில் கிர்ஸ்டன் என் யன்னலில் தட்டினார். நான் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். “கேள்வி கேட்டவர் இரண்டு நிமிடம் பேசினார். நீ பத்து விநாடி பேசினாய். மிச்சம் எங்கே?” என்றார்.

“தமிழ் நீளமான மொழி” என்றேன்.

“ம்” என்றார்.

இல்லை, இல்லை, இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

அடுத்த சனிக்கிழமை சூசையண்ணை வந்தார். பையில் வழக்கமான கடிதத்தோடு இன்னொரு படிவமும் இருந்தது. ஹேர்னிங்கில் ஒரு டெனிஷ் சட்டத்தரணி, இப்படி இழுபடுகிற குடும்பங்களின் பெயர்களைச் சேர்த்து முறைப்பாடு கொடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருந்தார். சூசையண்ணை படிவத்தை முழுக்க நிரப்பியிருந்தார். கையெழுத்து மட்டும் இல்லை.

“கூட்டத்துக்கு முதலே நிரப்பினது மாஸ்டர். இப்ப வேண்டாம் எண்டு நினைக்கிறன். அந்த ஐயா நாட்டை ஆண்டவர். அவரே பொறு எண்டுறார். நான் கையெழுத்து வைச்சு, அது அவங்களுக்குக் கோபம் வந்து, உள்ளதும் கெட்டுப்போனால்? நீங்கள் என்ன சொல்லுறியள்?”

சொல்ல வேண்டிய நேரம் அது. மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒருவரும் இல்லை. “அண்ணை, நான் பிழை விட்டிட்டன். அவர் உங்கடை கேள்விக்குப் பதில் சொல்லேல்லை” என்று இரண்டு வசனம். எனக்குத்தான் வசனத்துக்குப் பஞ்சமில்லையே! ஆனால் அதைச் சொன்னால் மாஸ்டர் என்ற மரியாதை என்ன ஆவது?

“ஓம் அண்ணை, அதுதான் நல்லம்” என்றேன்.

அவர் படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். மாசி வந்தது. ரெஜினாவுக்குப் பதினெட்டு முடிந்தது. அடுத்த வருடம் ஒரு நாள், முதல் முறையாக, வேறு வசனம் எழுதிய கடிதம் வந்தது. மனைவிக்கு அனுமதி. மகளுக்கு வயது கடந்துவிட்டதால் இல்லை. வாசித்துச் சொன்னவனும் நான்தான். திரேசம்மா மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்தார். விமான நிலையத்தில் அவர் புருஷனைக் கட்டிப்பிடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “பிள்ளையை விட்டிட்டு வந்திட்டன்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சில மாதங்களில் ரெஜினா சிறியதாயோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய் அகதி முகாமில் இருப்பதாகத் தகவல் வந்தது.

பிறகு நடந்ததுதான் நாட்டுக்கே தெரியுமே. தமிழர்களின் குடும்பக் கோப்புகளை அப்படியே கிடப்பில் போடும்படி மேலிடத்திலேயே சொல்லியிருந்தார்கள் என்று வெளியில் வந்தது. விசாரணை நடந்தது. கடைசியில் அரசாங்கமே வீட்டுக்குப் போனது. தமிழர் வழக்கு என்று தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் எங்கள் பெயர். சங்கத் தலைவர், தான் அன்றைக்கே சொன்னதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றைக்கே சொன்னவர் ஒரேயொருவர்தான். முன் வரிசைக்குக் கேட்கும்படி எழுந்து நின்று சொன்னார். அதை நடுவில் நின்று விழுங்கியவன் நான்.

முறைப்பாட்டில் கையெழுத்து வைத்திருந்தால் ரெஜினா வந்திருப்பாள் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். கையெழுத்து வைத்தவர்களிலும் கிடைத்தவர்கள் உண்டு, கிடைக்காதவர்கள் உண்டு. ஆனால் அதை அவரே தீர்மானித்திருக்க வேண்டும், நான் அல்ல.

விசாரணை நடந்த நாட்களில் பத்திரிகைக்காரப் பெண் ஒருவர் இக்காஸ்டுக்கு வந்தார். காத்திருந்து வயது கடந்துபோன பிள்ளைகளைப் பற்றி எழுதுகிறாராம். அலுவலகம் என்னை அனுப்பியது. சூசையண்ணையே என்னைத்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். திரேசம்மா கோப்பியும் பிஸ்கட்டும் வைத்துவிட்டுக் கதவு நிலையில் நின்றார். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே ரெஜினாவின் பாடசாலைப் படம்.

அந்தப் பெண் நிதானமாகக் கேட்டார், நான் நிதானமாகச் சொன்னேன். எப்போது எழுதிக்கொடுத்தீர்கள், எத்தனை கடிதம் வந்தது. சூசையண்ணை பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். அடியில் அந்தப் படிவமும் வந்தது, நாலாக மடித்தபடி. பெண் அதை விரித்துப் பார்த்தார். “எல்லாம் நிரப்பியிருக்கிறீர்கள். ஏன் கையெழுத்து வைக்கவில்லை?”

நான் கேட்டுச் சொன்னேன்.

“இவவுக்குச் சொல்லுங்கோ மாஸ்டர். ஆபிரிக்காவிலை பிரதமரா இருந்த ஐயாவிட்டை, எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிண்டு கேட்டனான். அவர் பொறுமையா இரு எண்டு சொன்னவர். மகளுக்கும் அப்பிடித்தான் கடிதம் எழுதினனான். இவ்வளவு பெரிய மனிசன் சொல்லியிருக்கிறார், நீயும் பொறு பிள்ளை எண்டு.”

பெண் பேனாவோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரின் பெயர் பத்திரிகையில் வரப்போகிறது, அகதிகளை வாயை மூடிக்கொண்டிரு என்று சொன்னவராக. யன்னலுக்கு உள்ளே இருப்பவன் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று சொன்ன மனிதர்! ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்கு இருந்த பெரிய கவலை அவரைப் பற்றியது அல்ல. கதவு நிலையில் நின்ற திரேசம்மாவைப் பற்றியது.

“அண்ணை” என்றேன். “அவர் உங்களுக்கு அப்பிடிச் சொல்லேல்லை.”

“சொன்னவரெல்லோ. நீங்கள்தானே தமிழிலை சொன்னனீங்கள்.”

“அவர் சொன்னதை நான் சரியாச் சொன்னனான். நீங்கள் கேட்டதைத்தான் அவருக்குச் சொல்லேல்லை. மகளின்ரை கதையைச் சொல்லேல்லை. கடிதத்தைச் சொல்லேல்லை. முன்னுக்கு இருந்தவையிட்டைக் கேக்கச் சொன்னதையும் சொல்லேல்லை. நீங்கள் நன்றி சொல்லுறியள், என்ன குணம் வேணும் எண்டு கேக்கிறியள் எண்டு நான்தான் மாத்திச் சொன்னனான்.”

சூசையண்ணை மேசையில் கிடந்த படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்து இல்லாத இடத்தைப் பெருவிரலால் தடவினார். திரேசம்மா நிலையை விட்டு உள்ளே வந்து, மகளின் படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் இருந்தார்.

“அப்ப அந்த ஐயாவுக்கு எனக்கு ஒரு மகள் இருக்கிறது எண்டே தெரியாதோ?”

“தெரியாது அண்ணை.”

“ஏன் மாஸ்டர்?”

“எனக்கு வெக்கமா இருந்தது.”

அவர் என்னை ஏசியிருக்கலாம். அடித்திருந்தாலும் நான் வாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். அவர் சத்தம் போடவே இல்லை.

“நான் பொறுமையான ஆள் இல்லை மாஸ்டர். அந்த ஐயா ஆரெண்டும் எனக்குத் தெரியாது. உங்கடை வாயாலை வந்ததெண்டுதான் பொறுத்தனான்.”

பத்திரிகைக்காரப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அவர் என்ன சொன்னார்?” என்று என்னிடம் கேட்டார்.

சொன்னேன்.